“வயிறுதான் பெருக்குது, ஆள் கரைஞ்சு போறார்” – ஈரல் சிரோசிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் மெடிக்கல் வார்ட்டுகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு சம்பளத்துக்கு மட்டும்தான். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது ஈரல் வருத்தம் என்றால் கிளினிக் கொப்பி முதலில் என் வீட்டு விறாந்தைக்குத்தான் வரும். அதோடு வருகிற கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். உடம்பு ஏன் கரைகிறது, இரத்தம் எப்போது கொட்டும் என்ற இரண்டு பயங்களையும் சுற்றியே அவை இருக்கும். கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கிளினிக் டொக்டரின் வேலை.

சிரோசிஸ் எண்டா ஈரல் சுருங்கிறதுதானே மிஸ்?

சுருக்கம் கடைசியில் ஸ்கானில் தெரிவது. அதற்கு முன்பே பல வருஷமாக ஈரலில் பட்ட காயங்கள் தழும்பாக ஆறி ஆறி, மெத்தென்று இருந்த இடமெல்லாம் நார் பாய்ந்திருக்கும். முற்றிய வெண்டிக்காயை ஒடித்துப் பாருங்கள், அந்த மாதிரி.

இதனால் இரண்டு கோளாறு வருகிறது. ஈரல் செய்ய வேண்டிய வேலைகள் குறைகின்றன. குடலிலிருந்து ஈரலுக்கு வரும் இரத்தம் உள்ளே புக வழியில்லாமல் முட்டுப்பட்டு நிற்கிறது. உடம்பு கரைவது பெரும்பாலும் முதலாவதால், ஆபத்தான இரத்தப்போக்கு பெரும்பாலும் இரண்டாவதால். இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் லேசாக விளங்கும்.

எங்கட அப்பா ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. சொந்தக்காரர் எல்லாரும் ஒரு மாதிரிப் பாக்கினம்.

பார்க்கட்டும். சீனி வருத்தம், வயிற்றுச் சதை, ஈரலில் கொழுப்பு என்று வந்து சிரோசிஸில் முடிகிறவர்கள் இங்கே நிறையப் பேர். ராகமையில் பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. ஹெப்பட்டைட்டிஸ் பி, சி வைரஸ்களாலும் வரும். ஆனால் சாராயமோ கசிப்போ காரணம் என்றால் அதை முழுதாக நிற்பாட்டாமல், கீழே நான் எழுதியிருக்கும் எதையும் செய்து பிரயோசனமில்லை.

கிளினிக்கில நிறுத்தா அதே 68 கிலோதான். பிறகு எப்படி மெலிஞ்சிட்டார் எண்டு சொல்றீங்க?

தராசு வயிற்றுத் தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் வருவார். கலியாண மோதிரம் கழன்று விழாமல் இருக்க அதன் அடிப்பக்கத்தில் கறுப்பு நூல் சுற்றியிருந்தார். சேர்ட்டின் கழுத்து தொளதொளவென்று இருக்க, வயிற்றுப் பட்டன் இரண்டு பூட்டுப்படவில்லை. ஆறு மாதமாகக் கொப்பியில் நிறை மாறவே இல்லை. சதை போன இடத்தைத் தண்ணீர் நிரப்பியிருந்தது. அது எழுதுகிறவருக்கும் தெரியவில்லை, வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை.

நெற்றிப்பொட்டில் குழி விழுந்திருக்கிறதா, தோள் எலும்பு துருத்துகிறதா, தொடை இளகிப் போயிற்றா என்று பாருங்கள். இன்னொரு சோதனை: கை இரண்டையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு, சாதாரணக் கதிரையிலிருந்து ஐந்து தரம் முழுதாக எழும்பி இருக்கச் சொல்லுங்கள். 15 விநாடிக்கு மேல் எடுத்தால் தசை பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒருதரம் செய்து, திகதி போட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். தவறி விழுந்தால் அது வேறு பிரச்சினை. கொழுத்த உடம்புக்காரருக்கும் உள்ளே தசை கரைந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

மூண்டு நேரமும் சாப்பிடுறார்தானே. ஏன் சதை போகுது?

நாம் சாப்பிடும் சோற்றில் ஒரு பங்கை ஈரல் சேமித்து வைத்து, இரவில் நாம் தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். நார் பாய்ந்த ஈரலில் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுக் காலை எட்டு மணிக்குத் தேத்தண்ணி குடிக்கிற சிரோசிஸ்காரரின் உடம்பு, நல்ல மனிதன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த நிலைக்குப் போய்விடுகிறது. பெட்டகம் வெறுமை என்றால் வீட்டுச் சாமானை விற்கத்தானே வேண்டும்? உடம்பு தன் தசையை உடைத்துச் சக்தி எடுக்கிறது. ஒவ்வொரு இரவும்.

இன்னொன்று அமோனியா. குடலில் உண்டாகும் அமோனியாவை ஈரல் அகற்ற முடியாதபோது அந்த வேலையில் ஒரு பங்கைத் தசை ஏற்கிறது. அதற்காகத் தன்னிடமுள்ள நல்ல புரதக் கூறுகளைச் செலவழிக்கிறது. அமோனியாவும் தசை வளர்வதைத் தடுக்கிறது. இவற்றோடு வயிற்றுத் தண்ணீர் இரைப்பையை நெருக்குவதால் நாலு வாயில் வயிறு நிறைந்துவிடும். உப்பில்லாத சாப்பாட்டில் மனமும் போகாது. “மூண்டு நேரமும்” என்கிறீர்கள். கோப்பையில் என்ன போட்டீர்கள் என்று சொல்லாமல், என்ன மிச்சம் வந்தது என்று சொல்லுங்கள்.

படுக்கப் போற நேரம் சாப்பிட்டா ஈரலுக்குப் பாரமில்லையா?

ஈரலுக்குப் பாரம் பட்டினிதான். படுக்குமுன் ஒரு சிற்றுண்டி என்பது இந்த வருத்தத்தில் மருந்துக்குச் சமம். ஏறக்குறைய 50 கிராம் மாப்பொருளும் கொஞ்சம் புரதமும் இருந்தால் போதும். மூன்று துண்டு பாணும் ஒரு கிளாஸ் பாலும், அல்லது பால் விட்ட சிவப்பரிசிக் கஞ்சி, அல்லது அவித்த பயறு ஒரு கிண்ணமும் வாழைப்பழமும் என்று வீட்டில் உள்ளதைக் கொடுங்கள். பகலிலும் மூன்று நாலு மணித்தியாலத்துக்கு மேல் வெறும் வயிறு வேண்டாம். காலையில் கண் விழித்ததும் வெறும் தேத்தண்ணி கொடுத்து ஒன்பது மணிவரை காக்க வைக்காதீர்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இதைக் கேட்டுப் பயப்படுவார்கள். சிற்றுண்டியை விடக்கூடாது. அதற்கேற்ப மருந்தின் அளவை மாற்றச் சொல்லி டொக்டரிடம் கேட்க வேண்டும்.

மீன், முட்டை, இறைச்சி ஒண்டும் குடுக்கக் கூடாது எண்டு சொல்லிட்டாங்களே?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாங்களே அப்படிச் சொல்லியிருக்கிறோம். புரதம் அமோனியாவாகும், அமோனியா மூளையைக் குழப்பும், ஆகவே புரதத்தைக் குறை என்பது அந்தக் காலக் கணக்கு. பிறகு சோதித்துப் பார்த்ததில் புரதத்தைக் குறைத்து மூளைக்கு ஒரு நன்மையும் கிடைக்கவில்லை, தசைதான் போனது. அமோனியாவைப் பிடிக்கிற தசையையே கரைத்துவிட்டு அமோனியாவைக் குறைப்பது எப்படி?

இப்போதைய அளவு, தண்ணீர் கழித்த நிறையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 60 கிலோக்காரருக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம் புரதம். சாமான் கணக்கில் பார்த்தால்: முட்டை இரண்டு 12 கிராம், உள்ளங்கை அளவு மீன் 100 கிராம் சமைத்தது 20க்கு மேல், 40 கிராம் மைசூர்ப் பருப்பு 10, 50 கிராம் பயறு 12, பால் ஒரு கிளாஸ் 6 அல்லது 7, சின்னக் கிண்ணம் தயிர் 4. மிச்சத்தைச் சோறும் பாணும் தந்துவிடும். நாள் முழுதும் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒரே நேரத்தில் இல்லை.

தெமட்டகொடையில் ஒரு அம்மா கணவருக்கு நாலு மாதம் பார்லித் தண்ணியும் கஞ்சியும் மட்டும் கொடுத்து, கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. அவர் கட்டிலில் திரும்பிப் படுக்கவும் ஆள் தேவைப்பட்ட நிலையில் வார்ட்டுக்கு வந்தார். அந்த அம்மாவுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு படித்தவர் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

நாங்க சைவம். மீனும் இல்லாம முட்டையும் இல்லாம எப்படி?

தாராளமாக முடியும். தாவரப் புரதமும் பால் புரதமும் மூளைக் குழப்பம் வரக்கூடியவர்களுக்கு இறைச்சியை விடச் சேரும். பருப்பை ஊற்றிச் சொதியாக்காமல் கெட்டியாகச் சமையுங்கள். பயறு, கடலை, கௌபி, தயிர், கச்சான் எல்லாம் நல்லவை. சோயா மீற்றின் காய்ந்த நிறையில் பாதி புரதம். ஆனால் பைக்கற்றில் கூட வருகிற மசாலாத் தூளைக் குப்பையில் போடுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

உப்பில்லாமச் சாப்பிடச் சொன்னா கோப்பையைத் தள்ளி விடுறார்.

உப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வயிற்றில் தண்ணீர் உள்ளவருக்கு நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது தட்டையான ஒரு தேக்கரண்டி. சிக்கல் என்னவென்றால் அதில் பெரும்பங்கைப் பாணும் கருவாடும் மாசியும் ஊறுகாயும் அப்பளமும் சூப் கட்டியும் சோயா மசாலாவும் உங்களுக்குத் தெரியாமலே சாப்பிட்டு முடித்துவிடும். அவற்றை நிற்பாட்டினால் கறிக்குக் கொஞ்சம் உப்புப் போடலாம். தேசிக்காய், கொறுக்காய், மிளகு, கறிவேப்பிலை, உள்ளி தாராளமாகப் பாவியுங்கள். உப்பைக் குறைக்கப் போய் அவர் சாப்பாட்டையே விடுகிறார் என்றால் அது நட்டம். டொக்டரிடம் சொல்லி ஒரு நடுவழி பாருங்கள்.

களைப்பு என்று ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச்சீனிக் கரைசல்) கரைத்துக் கொடுக்கிறார்கள். ஒரு லீற்றரில் ஒரு நாளைக்கான சோடியத்தில் பெரும்பகுதி இருக்கிறது. செவ்விளநீரும் “சோடியம் குறைந்த உப்பு” என்று விற்பதும் பொட்டாசியம் நிறைந்தவை. வயிற்றுத் தண்ணீரைக் குறைக்க ஸ்பைரோனோலாக்டோன் குளிசை போடுகிறவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறப் பார்க்கும். கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

கந்தசஷ்டி ஆறு நாளும் வருஷா வருஷம் பிடிச்சவ. இந்த முறை விடச் சொல்லவா?

இரவுப் பட்டினி என்ன செய்யும் என்று மேலே எழுதியதை ஆறு நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள். பாலும் பழமும் மூன்று மணிக்கொருதரம் எடுத்து, பயறும் தயிரும் சேர்த்து, இரவிலும் சாப்பிட்டுப் பிடிக்கிற விரதம் என்றால் டொக்டரைக் கேட்டுப் பிடிக்கலாம். தண்ணீர் மட்டும் என்பது கூடாது. பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் போய்க் கும்பிட்டுவிட்டு வரட்டும்.

மாளிகாவத்தையிலிருந்து வரும் உம்மாமார் நோன்பைப் பற்றிக் கேட்பார்கள். கொழும்பில் அது 13 மணித்தியாலத்துக்கு மேல், தண்ணீரும் இல்லை. வயிற்றில் தண்ணீர், இரத்த வாந்தி, மூளைக் குழப்பம் என்று ஏதாவது ஒன்று வந்தவர் பிடிக்கவே கூடாது. தீராத நோயாளிக்கு மார்க்கத்தில் விலக்கு இருக்கிறது, அதற்குப் பதிலாக ஏழைக்கு உணவளிக்கும் பித்யா இருக்கிறது என்பதை அவர்களே எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

நடக்கலாமா? இல்லாட்டி ஈரலுக்கு ஓய்வு வேணுமா?

படுத்திருந்தால் ஈரல் தேறாது, தசைதான் போகும். காலிமுகத்திடலில் பின்னேரம் நடக்கலாம். முடியாதவர் வீட்டுக்குள்ளேயே கதிரையில் இருந்து எழும்பலாம், அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக் கையை மடக்கி நீட்டலாம். மூச்சைப் பிடித்து முக்கிப் பாரம் தூக்குவது மட்டும், களத்தில், அதாவது உணவுக்குழாயில், நாளப் புடைப்பு உள்ளவருக்கு வேண்டாம். பயிற்சி முடிந்த கையோடு ஏதாவது சாப்பிட வேண்டும்.

ஐ.என்.ஆர் 1.8, பிளேட்லெட் 60,000. எந்த நேரமும் ரத்தம் கொட்டும் எண்டு பயமா இருக்கு.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன். இரத்தம் உறைய வைக்கும் புரதங்களை ஈரல் செய்கிறது, அவை குறைந்ததால், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் ஏறியது உண்மை. ஆனால் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் புரதங்களையும் அதே ஈரல்தான் செய்கிறது. அவையும் குறைந்துவிட்டன. தராசின் இரண்டு தட்டிலும் கல் குறைந்தால் முள் நடுவில்தான் நிற்கும். ஐ.என்.ஆர் ஒரு தட்டை மட்டும் பார்க்கும் சோதனை. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் குளிசை போடுகிறவர்களுக்காக உண்டாக்கியது. ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அது நன்றாகச் சொல்லும். இரத்தம் எப்போது கொட்டும் என்று சொல்லாது.

பிளேட்லெட்டும் அப்படியே. முட்டுப்பட்ட இரத்தத்தால் மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டுகளைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. அவற்றை உண்டாக்கத் தூண்டும் பொருளை ஈரல் செய்வதும் குறைந்துவிட்டது. அதை ஈடுகட்ட, பிளேட்லெட்டை ஒட்ட வைக்கும் வேறொரு புரதம் இரத்தத்தில் கூடியிருக்கும். அதற்காக இந்த எண்கள் ஒன்றுமில்லை என்று ஆகாது. நடுவில் நிற்கும் முள் லேசாகத் தள்ளினாலே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். கிருமித் தொற்றும் சிறுநீரகக் கோளாறும்தான் பெரும்பாலும் தள்ளுகிறவை.

அப்ப எங்க இருந்துதான் ரத்தம் வருது?

ஈரலுக்குள் புக முடியாத இரத்தம் சந்துபொந்து தேடும். மெயின் ரோட்டில் மரம் விழுந்தால் பஸ்ஸெல்லாம் ஒழுங்கைக்குள் திரும்புகிற மாதிரி, களத்தின் அடியிலும் இரைப்பையின் மேற்பக்கத்திலும் உள்ள சின்ன நாளங்களுக்குள் திரும்புகிறது. அவை புடைத்து, சுவர் மெலிந்து, ஒருநாள் வெடிக்கின்றன. அந்த நாளத் தொகுதியின் அமுக்கம் சாதாரணமாக 5 மில்லிமீற்றர் பாதரசம்வரை. 10ஐத் தாண்டினால் புடைப்புகள் உண்டாகும் நிலை, 12ஐத் தாண்டினால் வெடிக்கும் ஆபத்து.

ஆகவே பயப்பட வேண்டியது அமுக்கத்துக்கு, ரிப்போட்டின் அடியில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்ட எண்ணுக்கு இல்லை. வாய்வழியே கமெராக் குழாய் விட்டு அந்தப் புடைப்பைப் பார்ப்பார்கள். கிளினிக்கில் கேளுங்கள்: “கமெரா விட்டுப் பார்த்தாச்சா? எப்போது? என்ன இருந்தது?”

கமெராவுக்குப் போனம், “பேண்ட்” போட்டிருக்கு எண்டாங்க. அது என்ன?

புடைத்த நாளத்தை உறிஞ்சிப் பிடித்து, அடியில் சின்ன றப்பர் வளையம் ஒன்றை மாட்டிவிடுவார்கள். இரத்தம் ஓடாமல் அந்த முடிச்சு வாடி, சில நாளில் வளையத்தோடு உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் புண் இருக்கும். அந்தப் புண்ணிலிருந்தும் இரத்தம் வரலாம், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். ஆகவே முதல் நாட்களில் குழைந்த சோறு, கஞ்சி, மசித்த பருப்பு, அவித்த முட்டை என்று மெதுவானவை கொடுங்கள். பொரித்த நெத்தலி, முறுக்கு, மீன்முள் வேண்டாம்.

ஒருதரத்தில் முடியாது. சில வாரத்துக்கொருமுறை போய், புடைப்பு மறையும்வரை போட வேண்டும். இரண்டாம் தவணைக்குப் போகாமல் விடுகிறவர்கள்தான் நள்ளிரவில் அம்புலன்ஸில் வருகிறார்கள்.

பிரஷர் இல்லாத ஆளுக்கு ஏன் பிரஷர் குளிசை தாறாங்க?

புரொப்பிரனோலோல், கார்வெடிலோல் என்பவற்றைத்தானே சொல்கிறீர்கள்? கையில் பட்டி கட்டிப் பார்க்கும் பிரஷர் வேறு, மேலே சொன்ன அமுக்கம் வேறு. இந்தக் குளிசை இரண்டாவதைக் குறைக்கத் தருவது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 55, 60 அளவில் வருகிற மாதிரி அளவைச் சரிப்படுத்துவார்கள். பிரஷரின் மேல் எண் 90க்குக் கீழே போனாலோ, தலை சுற்றினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே சொல்ல வேண்டும். நீங்களாகத் திடீரென்று நிற்பாட்டினால் அமுக்கம் திரும்ப ஏறிவிடும்.

கறுப்பாப் போகுது. அது இரும்புக் குளிசையாலதானே?

இரும்புச் சத்துக் குளிசையால் கறுத்தது சாதாரணமாகக் கெட்டியாக இருக்கும். இரத்தம் கலந்தது தார் மாதிரி மினுங்கும், ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது. அந்த நாற்றத்தை ஒருதரம் மணந்தவர் மறக்கமாட்டார். சந்தேகம் என்றால் இரத்தம் என்றே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோப்பித்தூள் மாதிரி வாந்தி வந்தாலும் இரத்தம்தான்.

ரத்த வாந்தி எடுத்தா, வண்டி வரும்வரை நாங்க என்ன செய்ய?

1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. “சிரோசிஸ் நோயாளி, இரத்த வாந்தி” என்ற நாலு சொல்லை முதலில் சொல்லுங்கள். இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாது. சோடா, ஐஸ் தண்ணி, மருந்து எதுவும் வாயில் விடாதீர்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போங்கள். எவ்வளவு வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒரு கப்பா, அரை வாளியா?

ஆஸ்பத்திரியில் நாள அமுக்கத்தைக் குறைக்கும் ஊசியும் அன்டிபயோட்டிக்கும் ஏற்றி, 12 மணித்தியாலத்துக்குள் கமெரா விடப் பார்ப்பார்கள். அன்டிபயோட்டிக் எதற்கு என்று கேட்பார்கள். இரத்தம் போன சிரோசிஸ்காரருக்குக் கிருமி மிகச் சுலபமாகத் தொற்றும், தொற்றினால் மறுபடி இரத்தம் வரும்.

இவ்வளவு ரத்தம் போச்சு. கொஞ்சமாத்தான் ஏத்துறாங்க. காசு குடுத்துக் கூட ஏத்தலாமா?

வார்ட் வாசலில் சண்டை நடப்பது பெரும்பாலும் இதற்குத்தான். ஹீமோகுளோபின் 7, 8 அளவில் நிற்கிற மாதிரித்தான் ஏற்றுவார்கள், வேண்டுமென்றே. கூட ஏற்றினால் நாளத்துக்குள் அமுக்கமும் ஏறி, அடைபட்ட ஓட்டை திரும்பத் திறக்கும். அளவாக ஏற்றியவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்று ஆய்விலும் கண்டிருக்கிறார்கள்.

இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவுக்கும் அதே கதைதான். ஐ.என்.ஆரை அழகாக்கப் பை பையாகப் பிளாஸ்மா ஏற்றினால் எண் கொஞ்சம் இறங்கும், அமுக்கம் நிச்சயம் ஏறும். வயிற்றில் தண்ணீர் எடுக்குமுன் பிளாஸ்மாவோ பிளேட்லெட்டோ ஏற்றும் வழக்கத்தை இப்போது பரவலாக விட்டுவிட்டார்கள். விற்றமின் கே ஊசி, விற்றமின் கே உண்மையில் குறைந்தவருக்கு மட்டும் உதவும். பப்பாசி இலைச் சாற்றையும் கேட்கிறார்கள். உங்கள் பிளேட்லெட்டுகள் மண்ணீரலுக்குள் மாட்டியிருக்கின்றன. பப்பாசி இலை அங்கே போய்க் கதவைத் திறக்காது.

பல்லு ஒண்டு பிடுங்கோணும். பிளேட்லெட் குறைவு எண்டு பயப்படுறம்.

பயந்து சொத்தைப் பல்லோடு இருந்தால் சாப்பாடு குறையும், கிருமியும் தொற்றும். ஒரு பல் பிடுங்குவது பெரும்பாலும் சிறிய ஆபத்துத்தான். அழுத்திப் பிடித்தும் தையல் போட்டும் நிற்பாட்டக்கூடிய இடம் அது. முன்கூட்டியே பல் டொக்டரிடம் சிரோசிஸ் என்று சொல்லி, அண்மைய ரிப்போட்டைக் காட்டுங்கள். காலையில் போங்கள், கசிவு இருந்தால் வெளிச்சத்தோடு திரும்பிப் போகலாம். முரசில் தினமும் இரத்தம் கசிகிறவர் மெல்லிய பிரஷ் பாவியுங்கள், துலக்காமல் விட வேண்டாம்.

முழங்கால் உளைவுக்கு பாமசியில ஒரு குளிசை வாங்கிப் போட்டா நல்ல சுகம்.

டைக்ளோபெனக், இபுபுரூபன், மெபெனமிக் அசிட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் கூடாது. இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாமசியில் “ஈரல் வருத்தம்” என்று சொல்லி வாங்குங்கள். பனடோல் ஈரலுக்கு விஷம் என்று அதைக் கண்டு பயப்படுகிறவர்களே இவற்றை விழுங்குகிறார்கள். உண்மையில் டொக்டர் சரியென்றால், நாளுக்கு 2 கிராமுக்கு மேற்படாமல், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நாலுக்கு மேற்படாமல், பனடோல்தான் இவருக்குப் பாதுகாப்பு. இருதயத்துக்கு அஸ்பிரின் போடுகிறவர் அதை நிற்பாட்டுவதா என்பதை இரண்டு கிளினிக்கிலும் சொல்லி முடிவெடுக்க வேண்டும்.

டெங்கு வந்தா எங்கட ஆள் தாங்குமா?

கொழும்பில் இருந்துகொண்டு கேட்காமல் இருக்க முடியாத கேள்வி. இங்கே பிளேட்லெட் 100,000க்குக் கீழே போனால் வார்ட்டில் மறிப்பார்கள். உங்கள் ஆளுக்குச் சுகமாக இருக்கும்போதே 70,000. அது தெரியாத டொக்டர் தேவையில்லாமல் பதறலாம், தெரிந்த வீட்டார் “எப்பவும் குறைவுதானே” என்று அசட்டையாக இருக்கலாம். இரண்டாவது கூடுதல் ஆபத்து. காய்ச்சல் என்றால் முதல் நாளே போய், வழமையான எண் எத்தனை என்று சொல்லுங்கள். சேலைன் அளவும் இவருக்குக் கணக்குப் பார்த்துத்தான்.

நாடியைக் குறைக்கும் அந்தக் குளிசை போடுகிறவர் என்பதையும் சொல்ல வேண்டும். அதிர்ச்சி நிலை வரும்போது நாடி வேகமாக ஓட வேண்டும். குளிசை அதை ஓடவிடாமல் பிடித்து, ஆபத்தை மறைத்துவிடும். அதையும் தண்ணீர் போகும் குளிசைகளையும் தொடர்வதா என்று அன்றே கேளுங்கள்.

சதை கரையிறதும் ரத்தம் போறதும் வேற வேற பிரச்சினைதானே?

முதல் பதிலில் நானே பிரித்துத்தான் எழுதினேன். ஆனால் ஆளுக்குள் இரண்டும் கைகோர்த்துக்கொள்கின்றன. குடலுக்குள் வடிந்த இரத்தமும் ஒரு புரதம்தான். ஆனால் அதில் ஐசோலியூசின் என்ற கூறு மிகக் குறைவு. அந்தக் குறை உள்ள புரதத்தை வைத்து உடம்பு தசை கட்ட முடியாது. அது அமோனியாவாகத்தான் முடியும். அதனால்தான் இரத்த வாந்திக்கு இரண்டாம் நாள் மனிதர் மகளை அடையாளம் தெரியாமல் விழிக்கிறார். லக்டுலோஸ் பாணி கொடுத்து வயிற்றைக் கழுவ வைப்பது அதற்குத்தான். அந்த அமோனியாவைத் தாங்கத் தசையும் இல்லையென்றால் குழப்பம் ஆழமாகும்.

கமெராவுக்காக ஒரு நாள், அது தள்ளிப் போனதால் இன்னொரு நாள் என்று வார்ட்டிலும் பட்டினி கிடப்பார்கள். நாங்களே கட்டில் தலைப்பில் “வாயால் ஒன்றும் இல்லை” என்று மட்டை தொங்கவிட்டு, கழற்ற மறந்த நாட்கள் உண்டு. “இன்று சாப்பிடலாமா?” என்று ஒவ்வொரு வேளையும் கேளுங்கள், எரிச்சல்பட்டாலும் கேளுங்கள். கால் பலமில்லாதவர் இரவில் குளியலறையில் விழுவார். பிளேட்லெட் குறைந்தவர் தலை அடிபட்டு விழுவது லேசான விஷயம் இல்லை. குளியலறையில் ஒரு பிடிகம்பி, அதற்குப் போகும் வழியில் வெளிச்சமான பல்பு, இவற்றுக்கு டொக்டரின் துண்டு தேவையில்லை.

ரத்தம் கக்கின ஆளுக்கே ரத்தம் உறையாத ஊசி எழுதியிருக்காங்க. பிழையா எழுதிட்டாங்களோ?

பிழையாக இருக்காது. ஈரலுக்குப் போகும் பெரிய நாளத்தில் இரத்தக்கட்டி விழுந்திருக்கிறதா என்று ஸ்கான் ரிப்போட்டில் பாருங்கள். தராசின் முள் மற்றப் பக்கமும் சாயும் என்று எழுதினேனே, அது இதுதான். ஐ.என்.ஆர் 1.8 காட்டுகிற இரத்தமே அங்கே உறைந்து நிற்கும். இரத்தம் “தண்ணியாக” இருப்பதால் கட்டி விழாது என்று நினைத்து, வீங்கிய ஒற்றைக் காலைக் காட்டாமல் விடாதீர்கள். ஊசி தொடங்குமுன் பேண்ட் வேலை முடிந்ததா, குளிசை போகிறதா என்று பார்த்துத்தான் தொடங்குவார்கள். அதை நீங்களும் ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரல் மாத்திறதுக்கு ராகமைக்கு எழுதித் தந்திருக்காங்க. இனிச் சாப்பாடு, நடை எல்லாம் என்னத்துக்கு?

இனித்தான் அவசியம். ராகமையில் கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையில் ஈரல் மாற்றுச் சிகிச்சை செய்கிறார்கள். புது ஈரல் கிடைத்தாலும், வெட்டிய வயிற்றோடு இருமவும் எழும்பி நிற்கவும் பழைய தசைதான் வேண்டும். தசை வற்றியவர்கள் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கிருமியாலும் களைப்பாலும் கூடுதலாக அவதிப்படுகிறார்கள். காத்திருக்கும் மாதங்கள் அதற்கான தயாரிப்பு.

போன மாதம் ஒரு மகள் இந்தத் துண்டோடு என்னிடம் வந்தாள். ரிப்போட்டெல்லாம் பைலில் திகதி வரிசையில் அடுக்கியிருந்தாள். ஐ.என்.ஆர் மனப்பாடம். அங்கே டொக்டர் கேட்ட முதல் கேள்விக்குத்தான் பதில் இல்லாமல் நின்றாளாம்: “அப்பா கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எத்தனை தரம் எழும்புவார்?” என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக் கதிரையில் அவரை இருத்திப் பார்த்தோம். ஐந்து தரத்துக்கு 22 விநாடி. திகதியோடு எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.